கல்யாணத்துக்குப் போன இன்ஜினியர்

என் கணவர் சத்தியநேசனின் முகம் இந்த ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர்கள் குறைவு. ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, கிழக்கேகோட்டையிலிருந்து களியக்காவிளை வரை மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறி அறிவிப்புச் சொல்லிக்கொண்டு போவதுதான் அவர் தொழில். துணிக்கடைத் திறப்பு, சர்க்கஸ், கன்வென்ஷன் கூட்டம், குழாயில் தண்ணீர் வராத நாள் எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் தெருவுக்கு வரும்.

எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி வாசிக்கிற பழக்கம் மட்டும் அந்த மனிதருக்குக் கிடையாது. ஒருமுறை வலியசாலையில் ஒரு வீட்டு நாய் காணாமல் போனது. நிறம், கழுத்துப்பட்டை, போன் நம்பர், இவ்வளவுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவர் மைக்கைப் பிடித்ததும், அந்த நாயைக் காணாமல் வீட்டிலுள்ள சின்னப் பெண் பட்டினி கிடக்கிறாள் என்று சேர்த்துவிட்டார். அந்த வீட்டில் சின்னப் பெண்ணே இல்லை. ரிட்டயர் ஆன புருஷனும் பெண்டாட்டியும்தான். ஆனால் அறிவிப்பைக் கேட்டு ஊரே இறங்கித் தேடி, சாயங்காலத்துக்குள் நாயைக் கொண்டுவந்து கட்டிவிட்டது. அப்புறம் யார் இவரைக் கேள்வி கேட்பது?

அப்பேர்ப்பட்ட வாய், போன மழைக்காலத்தில் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஸ்ட்ரோக். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பேச்சைக் கொடுக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க அனூப் என்று ஒருவர் கரமனையில் எங்கள் வீட்டுக்கே வந்தார். நல்ல பொறுமைசாலி. நாம் பேசுவதெல்லாம் இவருக்குப் புரிகிறது, சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, வார்த்தை மட்டும்தான் வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறது என்று மலையாளத்தில் எனக்கு விளக்கினார். யோசிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போனவை சில பேருக்கு முதலில் வருமாம். பாட்டு, ஜெபம், எண்ணிக்கை. அங்கிருந்து ஆரம்பியுங்கள் என்றார்.

நானும் ஆரம்பித்தேன். பரமண்டல ஜெபத்தைப் பாதி சொல்லி நிறுத்திப் பார்த்தேன். ஞாயிற்றுப் பள்ளிப் பாட்டுகளைப் பாடினேன், என் குரலுக்கு அது பெரிய தைரியம். ஒன்று, ரெண்டு, மூன்று என்று சொல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஆட்டோவிலிருந்து அவருடைய மைக்கைக் கழற்றி வந்து கையில் கொடுத்தேன். அதை அவர் இடது கையால் சுவரில் வீசி அடித்தார்.

அன்றையிலிருந்து வாயை மூடிக்கொண்டார். பேசத்தான் முயற்சி செய்யவில்லை என்றால், கஞ்சிக்கும் திறக்கவில்லை. ஸ்பூனை உதட்டில் வைத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கஞ்சி தாடையில் வழியும். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போனது. செக்கப்புக்குப் போனபோது டாக்டர், இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் பயம் அந்தக் கண்ணை மூடியதில்தான் வந்தது. குழாய் ஏறிவிட்டால் அப்புறம் இவர் வாயைத் திறக்கவே மாட்டார், எதற்கும் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கெஞ்சினேன். திட்டினேன். மேலே இருக்கிறவரோடும் சண்டை போட்டேன். சுகம் வேண்டும், பழைய ஆள் வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. இந்த மனிதர் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

எங்கள் மகள் அஸ்வதிதான் ஒருநாள் கேட்டாள். ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம், வீட்டில் பாதித் தமிழ்.

"அம்மா, ஜெபமும் பாட்டும் வேண்டாம். அப்பா சின்ன வயசுல நிறைய பறஞ்ச கதை ஏதும் இல்லையா?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "தூஸ்ரா சூரஜ்" என்றேன்.

தூஸ்ரா சூரஜ் என்பது நாங்கள் இளவயதில் இருந்தபோது டெல்லியிலிருந்து ஒளிபரப்பான ஹிந்தி சீரியல். ரெண்டாவது சூரியன் ஒன்றைத் தேடி ஒரு கப்பல் ஆகாயத்தில் போகிற கதை. எங்கள் வரிசை வீடுகளில் டிவி இருந்தது சத்தியநேசனின் அப்பா ராஜையன் வீட்டில் மட்டும்தான், அதுவும் கறுப்பு வெள்ளை. நான் அடுத்த வீட்டில் என் சின்னம்மை எலிசாளோடு தங்கித் தையல் படித்துக்கொண்டிருந்தேன். சீரியல் நேரத்துக்கு வரிசையே அந்த அறையில் வந்து குவியும். ஹிந்தி ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் என்ன, சத்தியநேசன் இருந்தாரே. "எனக்க மவன் பம்பாயில இருந்தவனாக்கும்" என்று ராஜையன் மாமா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த மகன் டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆகாயக் கப்பல்காரர்கள் பேசப் பேச எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

எப்படிச் சொல்வார் தெரியுமா. கப்பலில் மீசை வைத்த ஒரு இன்ஜினியர் உண்டு. மற்றவர்கள் தூங்கும்போது அவன் மட்டும் மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் வாயை வைத்துக் கிசுகிசுப்பான். ஊரில் இருக்கிற தங்கச்சியோடு பேசுகிறான் என்று சத்தியநேசன் சொன்னார். தங்கச்சிக்குக் கல்யாணம் குறித்தாயிற்று, அண்ணன் லீவு கேட்கிறான், கப்பல் தலைவன் கொடுக்க மாட்டேன் என்கிறான். எங்கள் வரிசையில் லீவு கிடைக்காத வேதனை தெரியாத வீடு ஏது? தலைவனை நாங்கள் வைத வசவுக்கு அளவில்லை. பிறகு ஒரு வாரத்து எபிசோடில் அந்த இன்ஜினியரை ஒரு குட்டிக் கூண்டில் ஏற்றிக் கப்பலிலிருந்து வெளியே விட்டார்கள். "லீவு குடுத்தாச்சு, ஊருக்குப் போறான்" என்றார் சத்தியநேசன். அறை முழுக்கக் கைதட்டல்.

எலிசாள் சின்னம்மைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "பாவம், அந்தப் பய தனியா அவ்வளவு தூரம் போறானே. நாம ஒரு ஜெபம் பண்ணாண்டாமா?" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், யாத்திரையில் இருக்கும் ஒரு சகோதரனுக்காக என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். உபதேசியார் யார், எவர் என்று விசாரிக்காமல் உருக்கமாக ஜெபித்தார். அவன் தங்கச்சியின் குடும்ப வாழ்க்கைக்கும் சேர்த்து ஜெபித்தார். நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன்.

கடைசி எபிசோடில் அந்த இன்ஜினியர் குட்டிக் கூண்டுக்குள்ளிருந்து பேசினான். பாதியில் டிவியில் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் வாய் மட்டும் அசைந்தது. சத்தியநேசன் அதற்கும் அசராமல் தமிழ் சொன்னார்: "தலைவரே, நான் வந்து சேந்தாச்சு. தங்கச்சிக்கக் கல்யாணம் நல்லபடியா நடந்துது. கப்பல்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க." கல்யாணச் சாப்பாட்டுக்கு நாங்களே போய் வந்ததுபோல எல்லோரும் அழுதோம். கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன்.

அந்த எபிசோடுகளையெல்லாம் பழைய சீரியல் பைத்தியம் யாரோ இன்டர்நெட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அஸ்வதி போனிலிருந்து டிவிக்கு மாற்றிக் கொடுத்தாள். கட்டிலைச் சாய்த்து, இவரை உட்கார வைத்து, கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இடைப்பட்ட வருஷங்களில் எனக்கு ஹிந்தி வந்துவிட்டது. கட்டடம் கட்ட வடக்கேயிருந்து வருகிற தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போடுகிற மெஸ்ஸில் நான் வேலை பார்க்கிறேன். ரொட்டி கல் மாதிரி இருக்கிறது என்று அவர்கள் என்னோடு சண்டை போட்டதிலும், பதிலுக்கு நான் போட்டதிலும் படித்த ஹிந்தி. இவர் மெஸ் பக்கம் வந்தால் அந்தப் பையன்களோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். ஏன் என்று கேட்டால், "இவனுக பேசது பெங்காளி கலந்த ஹிந்தி. எனக்குத் தெரிஞ்சது சுத்த ஹிந்தி" என்பார். அப்போதே எனக்கு மணியடித்திருக்க வேண்டும்.

சீரியல் ஓட ஆரம்பித்தது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை பெரிய ஆகாயமாக இருந்தது அன்றைக்கு. இப்போது பார்த்தால் கப்பல் சுவரெல்லாம் அட்டை. கிரகத்துப் பாறை தெர்மாகோல், ஒருத்தன் இடித்ததும் குலுங்கியது. ஒரே நடைபாதையில் திரும்பத் திரும்ப ஓடினார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மீசைக்கார இன்ஜினியர் மூலையில் போய்ப் பெட்டியில் வாயை வைத்தான். அவன் சொன்னது எனக்குப் புரிந்தது.

தங்கச்சியும் இல்லை, கல்யாணமும் இல்லை. கப்பல் எந்த வழியாக வருகிறது என்று எதிரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"இஞ்ச பாருங்க. அவன் ஒற்றுக்காரனாக்கும். கூட இருக்கவனுகளக் காட்டிக் குடுக்கான். நீங்க தங்கச்சி கல்யாணம்னு பறஞ்சீங்க. எந்தத் தங்கச்சி? எந்தக் கல்யாணம்? அவனுக்கா நாங்க எல்லாரும் முட்டுப்போட்டு ஜெபம் பண்ணுனோம்?"

இவர் டிவியைப் பார்த்தபடியே இருந்தார்.

"பம்பாயில என்னதான் படிச்சீங்க? தாராவியில உங்க மாமாக்க வீட்டுல தமிழ் பேசிட்டு, மஞ்சக்காமாலை புடிச்சுத் திரும்பி வந்தீங்க. அதுக்குப் பேரு ஹிந்தியா? அந்தத் தலைவன் எத்தர நல்ல மனுஷன், அவன நாங்க வையாத வசவு உண்டா?"

"அம்மா, மதி. அப்பாவ வழக்குப் பறயாத" என்று, திட்டியது போதும் என்பதுபோல அஸ்வதி என் கையைப் பிடித்தாள். அப்புறம் அவளே, "அம்மா, நோக்கு" என்றாள்.

இவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் இடது பாதி மட்டும் மேலே ஏறி, தோள் குலுங்க, சத்தமில்லாமல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. பிடிபட்ட திருடனின் சிரிப்பு. நான் விடவில்லை, இன்னும் நாலு வார்த்தை கேட்டேன். கேட்டுக்கொண்டே ஸ்பூனை நீட்டினேன். சிரித்த வாய் அப்படியே கஞ்சியை வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு அதுவே முறையாகிப்போனது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு எபிசோடு. நான் ஹிந்தியைக் கேட்டு நிஜக்கதையைச் சொல்வேன், கூடவே அவர் அன்றைக்கு அளந்த கதையைச் சொல்லித் திட்டுவேன். அவர் சிரிக்கிற சிரிப்பில் கஞ்சி உள்ளே போகும். வார்த்தை மட்டும் வரவில்லை. அனூப் வந்தால் தலையசைத்து, சாப்பிடுவதே நல்லதுதான் என்பார். நானோ மீதி எத்தனை எபிசோடு இருக்கிறது என்று பயந்துகொண்டே இருந்தேன். தீர்ந்த பிறகு எதைக் காட்டி வாயைத் திறக்க வைப்பேன்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இன்ஜினியரைக் கூண்டில் ஏற்றி விட்டது லீவுக்கு இல்லை, காட்டிக்கொடுத்ததற்குத் தண்டனை என்று தெரிந்துவிட்டதால், கடைசியில் அந்தக் கூண்டில் என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு இப்போதே தெரியும். அது இவருக்கும் தெரியும், நான்தானே மொழிபெயர்த்துக்கொண்டு வந்தேன்.

"லாஸ்ட் எபிசோடு வேண்டாம் அம்மா. முதல்லேர்ந்து போடலாம்" என்றாள் அஸ்வதி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இவர் இடது கையை நீட்டி டிவியைக் காட்டினார். முதல் எபிசோடு ஓடியதும் கையைக் கட்டிலில் தட்டினார். வாயை மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் கடைசியைப் போட்டோம்.

கூண்டுக்குள் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தான். பின்னால் கறுப்புத் துணியில் ஓட்டை போட்ட நட்சத்திரங்கள். ஆனால் அவன் நன்றாக நடித்தான். அன்றைக்கு எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை, எங்கள் கவனமெல்லாம் ஸ்டூலில் இருந்தவர் மேல். யாராவது இருக்கிறீர்களா என்று அவன் கேட்டான். நான் செய்தது தப்புதான், என்னை இப்படித் தனியாக விட்டுவிடாதீர்கள், ஒரு வார்த்தை பதில் சொல்லுங்கள் என்று அழுதான். கப்பலில் தலைவன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு குமிழைத் திருகினான். சத்தம் நின்றது. எங்கள் டிவி பழுதாகவில்லை அன்றைக்கு. கதையே அப்படித்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது, யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணிலிருந்து நீர் காதுவரை இறங்கியிருந்தது. இடது கை போர்வையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. வாய் அந்த இன்ஜினியரின் வாயோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. பிறகு அவர் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை.

நிஜத்தைச் சொல்ல என்னால் முடியவில்லை. அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.

"தலைவரே, நான் வந்து சேந்தாச்சு. தங்கச்சிக்க..."

அதற்குமேல் சொல்ல வராமல் அவர் முகத்தையே பார்த்தேன். இவருடைய உதடு கூடியது, பிரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "க" என்றார். மறுபடியும் "க." பிறகு, கிணற்றின் அடியிலிருந்து வாளி மேலே வருவதுபோல இழுத்து இழுத்து, "கல்யாணம்" என்றார்.

அஸ்வதி அலறி அழுதுவிட்டாள். நான் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்க, இன்னொருக்க சொல்லுங்க என்றேன். சொன்னார். தெளிவாகச் சொன்னார். அன்றைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி முழுக்க இறங்கியது.

அனூப் மறுநாள் வந்து எதிரே உட்கார்ந்து டம்ளரைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"கல்யாணம்."

சீப்பைக் காட்டினார். "கல்யாணம்." என்னைக் காட்டினார். இவர் என்னை நன்றாகப் பார்த்து, மூச்சைக் கூட்டி, ஏதோ ஒன்றைச் சொல்ல வந்தது எனக்குத் தெரிந்தது. வெளியே வந்தது கல்யாணம்தான். தன் காதிலேயே அது விழுந்ததும் இவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அனூப் என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். சிலருக்கு ஒரு வார்த்தை மட்டும் இப்படிச் சிக்கிக்கொள்ளுமாம். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வருமாம். மற்ற வார்த்தைகளும் பின்னால் வரலாம், வராமலும் இருக்கலாம், தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாய் திறந்துவிட்டதே சேச்சி, குழாய் வேண்டியதில்லையே என்றார். உண்மைதான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டதைவிட ஒரு துளி அதிகமாகவும் கிடைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தை எங்கள் வீட்டில் வைத்தார்கள். இவருக்காகத்தான். பழைய வரிசை வீட்டுக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். இப்போதிருக்கிற உபதேசியார் கட்டில் பக்கத்தில் குனிந்து, "எப்படி இருக்கீங்க பிரதர்?" என்று கேட்டார்.

இவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பேசத் தொடங்கினார். அறிவிப்பு வண்டியில் பேசுகிற அதே ஏற்ற இறக்கம், அதே நிறுத்தம், கடைசியில் குரலைத் தூக்கி விடுகிற அதே பழக்கம். கல்யாணம், கல்யாணம் கல்யாணம், கல்யாணம். நீளமாகப் பேசினார். நடுவில் கண் கலங்கியது, அப்படியும் நிறுத்தவில்லை. எல்லோரும் திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினார்கள்.

இவருக்கு ஹிந்தி தெரிந்த அளவுக்குத்தான் எனக்கு அந்தப் பாஷை தெரியும்.

"வந்ததுக்கு ரொம்ப சந்தோஷமாம்" என்றேன். "ராத்திரி நல்லா உறங்கினாராம். உங்க வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுகாரு."

ஸ்தோத்திரம் என்றார்கள் எல்லோரும். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவர் சிரிக்கவில்லை. இல்லை என்று தலையாட்டவும் இல்லை. என்னை மட்டும் பார்த்து, மெதுவாக, "கல்யாணம்" என்றார்.

"இப்ப என்னவாக்கும் சொல்லுகாரு?" என்று உபதேசியார் கேட்டார்.

"தண்ணி கேக்காரு" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது முடித்தேன். பிறகு டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து அவர் உதட்டருகே வைத்தேன். வாயைத் திறந்தார்.